இடுப்புக்கு ஊசி, காதுக்கு வம்பு

மல்லேஸ்வரம்,
பெங்களூர்.

அன்புள்ள ஜெயா,

சீன ஊசி குத்திக்கொண்டால் இடுப்பு வலி போகுமா என்று கேட்டு எழுதியிருக்கிறாய். நான் குத்திக்கொள்வது முதலில் உனக்கு எப்படித் தெரிந்தது? எதிர் ஃப்ளாட் மாமியைத் தவிர இங்கே யாரிடமும் நான் மூச்சு விடவில்லை. அவளுடைய நாத்தனார் உங்கள் ஸ்ரீரங்கத்தில்தானே இருக்கிறாள்! சரி, போகட்டும்.

போகுமா என்றால், குறையும். எனக்குக் குறைந்திருக்கிறது. எட்டாவது கிராஸ் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு, சம்பிகே ரோடில் எங்கும் உட்காராமல் வீடு வந்து சேர முடிகிறது. ஆனால் ஏன் குறைந்தது என்று கேட்டால்தான் வம்பு. அந்த வம்புக்காகத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

கிளினிக் மார்கோசா ரோடிலிருந்து பிரியும் ஒரு கிராஸில், மாடியில். லிஃப்ட் கிடையாது. “இடுப்பு வலிக்காரர்களை மாடி ஏறவிட்டு, தப்பிப் பிழைத்தவர்களுக்கு மட்டும் வைத்தியம் போலிருக்கு” என்றார் இவர். டாக்டர் கன்னடத்துப் பெண், கல்கத்தாவில் போய்ப் படித்தவள். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். இரண்டு மணிக்கட்டிலும் நாடி பிடித்தாள். தூக்கம், பசி, கோபம், மாமியார் என்று ஒன்று விடாமல் விசாரித்தாள். மாமியார் போய் எவ்வளவு வருஷமாகிறது, இருந்தும் எனக்குச் சொல்ல விஷயம் தீரவில்லை, ஜெயா! அவளும் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

ஊசிக்குப் பயப்படாதே. கால் மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். உள்ளே துளை கிடையாது, மருந்தும் ஏற்றுவதில்லை. உடம்பில் 361 புள்ளிகள் என்று சீனக் கணக்கு. இடுப்பு வலிக்கு முழங்காலின் பின்மடிப்பில் கொண்டுபோய்க் குத்தினாள். முதுகில் இறங்குகிற பாதை அந்த வழியாகப் போகிறதாம். குத்தும்போது வலியே இல்லை. திருகும்போது விண்ணென்று ஒரு தெறிப்பு, பிறகு ஒரு கனம். ‘சீ’ வந்து சேர்ந்துவிட்டது என்று அதற்குப் பெயர். முகம் சுளிக்காதே, நம் பிராணன் மாதிரி அவர்களுக்குச் ‘சீ’.

கடைசியில் ஒரு மூலிகைத் திரியைக் கொளுத்தி இடுப்புக்குப் பக்கத்தில் காட்டுவாள். அந்தப் புகை நாற்றம் இருக்கிறதே, ஈஸ்வரா! புடவையோடு வீட்டுக்கு வந்தால், கஞ்சா அடித்தாயா என்று பேரன் கேட்கிறான். (இவனுக்கு அந்த வாசனை எப்படித் தெரியும் என்று அவன் அம்மாவுக்கு இப்போது கவலை.) திரியில் இருப்பது மாசிபத்திரி வகை. நாம் கதம்பத்தில் வைத்துக் கட்டும் தவனமும் அதே குடும்பம்தான். மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினின் கண்டுபிடித்து 2015இல் நோபல் பரிசு வாங்கினாரே சீனத்துத் து யூயூ, அந்த மருந்தும் இதே இனச் செடியிலிருந்து வந்ததுதான்.

கிளினிக் சுவரில் ஒரு பட்டாளத்து உடுப்புக்காரர் படம். யார் என்று கேட்டேன், டாக்டர் கோட்னிஸாம். சோலாப்பூர்க்காரர். ஜப்பான்காரன் சீனாவை அடித்துக்கொண்டிருந்தபோது, 1938இல் காங்கிரஸ் அனுப்பிய ஐந்து டாக்டர்களில் ஒருவர். அங்கேயே ஒரு சீனப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, 1942இல் அங்கேயே போய்ச் சேர்ந்தார். சாந்தாராம் படம்கூட எடுத்தார். ஆனால் ஊசியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் அந்த ஐவரில் இன்னொருவர், பி.கே. பாசு. மறுபடி சீனா போய்க் கற்றுக்கொண்டு, 1959இல் கல்கத்தாவில் தொடங்கினார். மேற்கு வங்கத்தில் அதற்கென்று 1996லேயே சட்டம் வந்துவிட்டது.

இதை இவரிடம் சொன்னால், “போகர் சீனாவுக்குப் போய் வந்தவர், எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்” என்கிறார். போகரே சீனாக்காரர், பழனிக்கு வந்து சேர்ந்தார் என்றும் ஒரு கதை இருக்கிறதே, அதைச் சொன்னேன். அன்று ராத்திரி சாப்பிடும்வரை பேச்சில்லை. வர்மம் நம்முடையதுதான், யார் இல்லை என்றார்கள்? இடுப்பு வலிக்காக இரண்டு தேசத்துக்கும் பஞ்சாயத்து பண்ண என்னால் முடியாது.

இப்போது வம்புக்கு வருகிறேன். என் தங்கை பெண் டாக்டர் அல்லவா, அவள்தான் போட்டு உடைத்தாள். ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேரை மூன்றாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள், 2007இல் வெளியானது. சரியான புள்ளியில் முறைப்படி குத்தியவர்களில் ஆறு மாதம் கழித்து நூற்றுக்கு 47.6 பேருக்கு நல்ல குணம். புள்ளியே இல்லாத இடத்தில் சும்மா மேலாகக் குத்தியவர்களில் 44.2 பேருக்கு! மாத்திரை, பிசியோதெரபி என்று வழக்கமான வைத்தியம் பார்த்தவர்களில் 27.4 பேருக்குத்தான். அப்படியானால் 361 புள்ளியும் எதற்கு? எங்கே குத்தினால் என்ன?

ஊசி பட்டதும் உடம்பே வலியடக்கும் சரக்கைச் சுரக்கிறது என்கிறார்கள். இருக்கலாம். என்னைக் கேட்டால், நம் பேச்சை ஒருத்தி காது கொடுத்துக் கேட்பதும், அரை மணி நேரம் ஃபோன், குக்கர், காலிங் பெல் எதற்கும் எழுந்து போகாமல் படுத்திருப்பதும் பாதி வைத்தியம். அது பொய் வைத்தியம் என்றும் நான் சொல்ல மாட்டேன். வலி குறைந்தது நிஜம்தானே. இங்கிலாந்தில் அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்லும் நைஸ் அமைப்பு, 2009இல் இடுப்பு வலிக்கு ஊசி சரி என்றது, 2016இல் வேண்டாம் என்றது, 2021இல் நாள்பட்ட வலிக்குப் பார்க்கலாம் என்கிறது. பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுப் போய், வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுபடி ஆள் அனுப்பும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி.

நீ போவதானால் போ. ஒவ்வொரு தடவையும் புது ஊசி உன் கண் எதிரே பிரிக்கிறார்களா என்று பார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாயே, அதை முதலிலேயே சொல்லிவிடு. மார்பு, தோள்பட்டைப் பக்கம் ஆழமாகக் குத்த விடாதே, அபூர்வமாக நுரையீரலில் பட்டுவிடும். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ ஊசியை மறந்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடு. உங்கள் பக்கத்தில் ‘ஹீலர்’ என்று போர்டு மாட்டிக்கொண்டு, எல்லா மாத்திரையையும் நிறுத்து என்கிற சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வாசலை மிதிக்காதே. சர்க்கரை மாத்திரையை நிறுத்தினால் இடுப்பு வலி போகும், நீயும் சேர்ந்து போவாய்.

கூடவே சீன மூலிகைப் பொடி கொடுத்தால் வாங்காதே. 1990களில் பெல்ஜியத்தில் இளைப்பதற்காக அப்படி ஒன்றைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. உள்ளே கலந்திருந்தது நம் ஆடுதின்னாப்பாளைக்கு உறவுச் செடி. மூலிகை என்றால் கெடுதல் செய்யாது என்று உன் ஓரகத்தி சொல்வாளே, அவளுக்கு இதைப் படித்துக் காட்டு.

கார்த்திகையில் இங்கே காடு மல்லேஸ்வரர் கோயிலில் கடலைக்காய் பரிஷே என்கிற திருவிழா. அப்போது வந்து பத்து நாள் இரு, என் டாக்டரிடமே கூட்டிப்போகிறேன். ஒரு சிட்டிங்குக்கு அவள் வாங்குகிற பணத்தில் நாம் நாலு பேர் சி.டி.ஆரில் வயிறு முட்ட வெண்ணெய் தோசை சாப்பிடலாம், அது வேறு விஷயம்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள
விஜி

பி.கு.: எதிர் ஃப்ளாட் மாமியும் அதே டாக்டரிடம்தான் போகிறாள். முழங்காலுக்கு என்று வெளியில் பேச்சு. குறட்டைக்கு என்று ரிசப்ஷன் பெண் சொன்னாள். நாத்தனார் காதில் போட்டுவிடாதே. போட்டாலும் நான் சொன்னதாகச் சொல்லாதே.