நாலு விரற்கடை இடம்

பழைய ஜீப்புக்குப் பவர் ஸ்டியரிங்கும் ஏசியும் நானே போட்டுக்கொண்டேன் என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் நேராக உள்ளே ஏறி உட்காருகிறார்கள். ஒற்றை விரலால் ஸ்டியரிங்கைச் சுற்றிப் பார்க்கிறார்கள். காற்று வரும் வாய்க்கு நேராக முகத்தைக் காட்டிச் சிரிக்கிறார்கள். பானட்டைத் திறக்கச் சொல்பவர் அபூர்வம். ஆனால் வேலையெல்லாம் அங்கேதான் நடந்தது. எஞ்சினின் முகத்துக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருக்கிற நாலு விரற்கடை இடத்தில் எந்தப் புல்லி எங்கே நிற்பது என்று தீர்மானிப்பதற்குத்தான் மூளை செலவானது. மீதி எல்லாம் போல்ட்டு முடுக்குவது.

எலவனாசூர்கோட்டையில் இருப்பவனுக்கு இரண்டு விதமான சாலை வாய்த்திருக்கிறது. உளுந்தூர்பேட்டையில் பிரிந்து வரும் சேலம் சாலை எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு தியாகதுருகம், கள்ளக்குறிச்சி என்று நிழலில்லாமல் போகிறது. மே மாத மதியத்தில் அதில் ஜீப்பு ஓட்டினால் எஞ்சின் சூடு காலிலும் வெயில் தலையிலும் அடிக்கும். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைத் தாண்டினால் கல்வராயன் மலை. கரியாலூர், வெள்ளிமலை வரை வளைவுக்கு வளைவு ஸ்டியரிங்கை இழுத்துத் திருப்ப வேண்டும். இறங்கும்போது தோள்பட்டை பேசும். ஏசி கேட்பது சமவெளி, பவர் ஸ்டியரிங் கேட்பது மலை. வண்டி ஒன்றுதான், அதை இழுக்கும் எஞ்சினும் ஒன்றுதான். சிக்கல் இங்கிருந்து தொடங்குகிறது.

என்னுடையது மகிந்திரா எம்.எம். 540. 1947-இல் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டி விற்கத் தொடங்கிய கம்பெனி, அதே எலும்புக்கூட்டை நீட்டி நிமிர்த்தி எண்பதுகளில் கொண்டுவந்த வண்டி. 2,112 சிசி பெஜோ வடிவமைப்பு டீசல் எஞ்சின், அறுபத்திச் சொச்சம் குதிரைத்திறன். பவர் ஸ்டியரிங்கை ஃபிரான்சிஸ் டேவிஸ் என்கிற அமெரிக்கப் பொறியாளர் 1926-லேயே ஓட்டிக் காட்டிவிட்டார். 1951-இல் கிரைஸ்லர் அதை விற்பனைக் காருக்குக் கொண்டுவந்தது. காருக்குள் ஏசி 1940 வாக்கிலேயே பேக்கார்டில் வந்துவிட்டது. எங்கள் ஜீப்பு பிறந்தபோது இரண்டும் பழங்கதை. இருந்தும் பட்டாளத்து வண்டியின் வாரிசுக்கு இதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். 2010-இல் வந்த தார் வண்டியில்கூட விலை கூடிய ரகத்துக்குத்தான் இரண்டும் கிடைத்தன. டிஐ ரகம் வாங்கியவர் கையையும் வியர்வையையும்தான் நம்பினார்.

ஸ்டியரிங் கனமாக இருக்கிறது என்று வருகிறவரிடம் நான் முதலில் பார்ப்பது டயரை. கம்பெனி கொடுத்தது 6.00-16 என்கிற ஒல்லி டயர். அழகுக்காக அகலமான டயரை மாட்டிவிட்டு, காற்றையும் குறைவாக வைத்துக்கொண்டு, ஸ்டியரிங் பெட்டியைத் திட்டுவதில் நியாயமில்லை. அடுத்தது ஆட்டம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங் பின் பேரிங்கின் நிலைமை தெரியும். முதலில் வீல் பேரிங்கை முடுக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றின் பழி இன்னொன்றின்மேல் விழும். இடவலமாக ஆட்டினால் டை ராடு முனைகள் பேசும். கிங் பின்னில் ஷிம் எடுத்தும் வைத்தும் இறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். டை ராடைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங் ஆர்மில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தால் இறுக்கம் எவ்வளவு என்று முள் சொல்லிவிடும். கையால் பார்த்தே சொல்லிவிடுவேன் என்கிற மெக்கானிக்குகளை நான் மதிக்கிறேன், ஆனாலும் தராசை எடுத்துவரச் சொல்வேன்.

இந்த வேலையைத் தாண்டிக் குதித்து நேராகப் பவர் பெட்டி வைப்பவர்கள் உண்டு. அது ஆபத்து. சாதாரண ஸ்டியரிங்கில் தேய்மானம் உள்ளங்கைக்கு வந்து சேரும். சக்கரம் உதறினால் கை உதறும். பவர் வந்ததும் எண்ணெயின் அழுத்தம் அந்த உதறலை விழுங்கிவிடுகிறது. ஓட்டுபவனுக்கு எல்லாம் வெண்ணெயாக இருக்கும், கீழே முனை கழன்றுகொண்டிருக்கும். வெள்ளிமலை இறக்கத்தில் அது கழன்றால் பேச ஒன்றுமில்லை.

பெட்டியைப் பொறுத்தவரை பெரும்பாலோர் பொலிரோவின் பவர் பெட்டியையும் பம்ப்பையும் காயலான் கடையில் தேடுகிறார்கள். நானும் அப்படித்தான். வாங்குமுன் ஷாஃப்டைக் கையால் முழுக்கச் சுற்றிப் பார்க்க வேண்டும், நடுவில் எங்காவது சிக்கினால் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். வலப்பக்கம் திருப்பினால் பிட்மேன் ஆர்ம் எந்தத் திசையில் நகர்கிறது என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்வது நல்லது. பழைய பெட்டியின் திசைக்கு மாறாக இருந்தால் வண்டி நீங்கள் சொல்வதற்கு எதிராகப் போகும். சேஸிஸ் சட்டத்தில் பெட்டியைப் பூட்டும்போது போல்ட்டு போகும் ஓட்டைகளில் கனமான குழாய்த் துண்டுகளைச் செருகி வெல்டு வைத்துவிட வேண்டும். இல்லாமல் முடுக்கினால் சட்டம் நசுங்கும், நசுங்கிய இடத்தில் கீறல் விழும். ஆனால் ஸ்டியரிங் ஷாஃப்டில் மட்டும் வெல்டிங் கம்பி படக்கூடாது. நீளம் போதவில்லையென்றால் முறையான யுனிவர்சல் ஜாயிண்டும் பல் வெட்டிய ஷாஃப்டும் தேட வேண்டும், கிடைக்கும்வரை வண்டி நிற்கட்டும். அழுத்தக் குழாய்க்குக் கிளிப் போட்டுச் சமாளிப்பதும் ஆகாது. கரும்பு டிராக்டரும் ஜேசிபியும் நிறைந்த வட்டாரம் இது; ஹைட்ராலிக் குழாய்க்கு முனை அழுத்தித் தருகிற கடைக்குப் பஞ்சமில்லை.

இனி அந்த நாலு விரற்கடை. கிராங்க் புல்லியில் ஏற்கெனவே உள்ள காடி தண்ணீர் பம்ப்பையும் ஆல்டர்னேட்டரையும் ஓட்டுகிறது. புதிதாக இரண்டு காடி வேண்டும். எது உள்ளே, எது வெளியே? கிராங்கின் பேரிங்கிலிருந்து எவ்வளவு தள்ளி இழுக்கிறோமோ அவ்வளவு வளைக்கும் விசை அதன் மூக்கில் ஏறும். அதனால் கனமாக இழுக்கிற ஏசி கம்ப்ரசர் உள்காடிக்கு, ஸ்டியரிங் பம்ப் வெளிக்காடிக்கு. கம்ப்ரசரைத் தாங்கும் பிராக்கெட்டை முதலில் அட்டையில் வெட்டிப் பார்ப்பேன். பிறகுதான் பத்து மில்லி தகடு. அதன் எல்லாக் கால்களும் எஞ்சின் பிளாக்கிலேயே நிற்க வேண்டும். வசதியாக இருக்கிறதென்று ஒரு காலைச் சேஸிஸில் ஊன்றினால் முடிந்தது. எஞ்சின் ரப்பர் மேல் ஆடுகிறது, சேஸிஸ் ஆடுவதில்லை. நடுவில் மாட்டிய பெல்ட்டு ஒரு நிமிஷம் தளர்ந்து மறு நிமிஷம் இறுகும்.

லேத்துக்காரர் கடைந்து கொடுத்த புல்லியை மாட்டி, இரும்பு ஸ்கேலை முகத்தில் வைத்துப் பார்த்தபோது கீழ் ஓரம் ஒட்டியது, மேல் ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தது.

"அரை மில்லிதானே தம்பி, ஓட ஓட பெல்ட்டு தானா ஒக்காந்துக்கும்" என்றார்.

"ஒக்காராதுண்ணே, ஓரத்தக் கடிச்சுத் துப்பிடும்" என்றேன்.

முனகிக்கொண்டே மறுபடி லேத்தில் ஏற்றினார். அவர் முனகுகிற வேலைதான் நிற்கிறது என்பது என் கணிப்பு.

பம்ப்பில் எண்ணெய் ஊற்றியதும் எஞ்சினைப் போட்டுவிடக் கூடாது. முன்சக்கரங்கள் தூக்கியபடியே இருக்க, எஞ்சின் ஓடாமல் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பலமுறை திருப்பி, குமிழி அடங்கிய பிறகுதான் சாவி. பம்ப் ஊளையிட்டால் உள்ளே காற்று இருக்கிறது என்று பொருள்.

ஏசிக்கு வருவோம். அது குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கும் சூட்டைத் தூக்கி வெளியே போடுகிறது. வெளியே என்றால் எங்கே? ரேடியேட்டருக்கு நேர் முன்னால் நிற்கும் கண்டென்சரில். ஆக, ரேடியேட்டருக்கு இனிமேல் கிடைப்பது ஏற்கெனவே சுட்ட காற்று. அதோடு கம்ப்ரசர் நாலைந்து குதிரைத்திறனைத் தின்னும். அறுபத்திச் சொச்சத்தில் அது சின்னத் தொகையல்ல. ரேடியேட்டருக்கு ஒரு வரிசை கூடுதல் குழாய், மின்விசிறியைச் சுற்றி முழுக் கூண்டு, கண்டென்சருக்குத் தனி மின்விசிறி, அதற்கு ஈடுகொடுக்கும் பெரிய ஆல்டர்னேட்டர் என்று ஒன்றின் பின் ஒன்றாக வாலைப் பிடித்து வரும். இதையெல்லாம் கணக்கில் சேர்க்காமல் 'ஏசி கிட் என்ன விலை' என்று மட்டும் கேட்பவருக்கு நான் பதில் சொல்வதில்லை.

மலைக்கென்று ஒரு சின்ன வேலை. எஞ்சின் தண்ணீர்ச் சூடு கூடினால் கம்ப்ரசர் கிளட்ச்சைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்சை மாட்டியிருக்கிறேன். இரண்டாம் கியரில் மெதுவாக ஏறும்போது முகத்தில் அடிக்கிற காற்று இல்லாததால் அது துண்டித்துவிடும். கரியாலூரை நெருங்கினால் கண்ணாடியை இறக்கிவிடலாம், ஏசி தேவைப்படாது. மலை தன் பங்கைத் தானே கொடுத்துவிடுகிறது.

குளிர் போதவில்லை என்று புலம்புகிற ஜீப்புகளில் பெரும்பாலும் கேஸ் குறைவதில்லை, ஓட்டை அதிகம். படுதாக் கூரை, கதவு இடுக்கு, ஃபயர்வாலில் ஒயர் போகும் துளை, கியர் லீவரின் கிழிந்த ரப்பர் என்று எல்லா வழியாகவும் சூடு வரும். தரையிலும் கியர்பாக்ஸ் மேட்டிலும் சூடு தடுக்கும் விரிப்பு ஒட்டி, துளைகளை அடைத்த பிறகு அதே ஏசி வேறு ஏசியாகிவிட்டது. இரும்புக் கூரை போடலாமே என்பார்கள்; பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்காமல் கூரையில் கை வைக்க எனக்கு விருப்பமில்லை.

கேஸ் ஏற்றுவதை மட்டும் நான் செய்வதில்லை. ஆர்134ஏ சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கிறது. தோலில் பட்டால் உறையவைத்துவிடும். வெளியே திறந்துவிட்டால் கரியமில வாயுவைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். வாக்குவம் இழுத்து, அது நிற்கிறதா என்று பொறுத்திருந்து பார்த்து, எடை போட்டு ஏற்ற மெஷின் உள்ளவரிடம் போய்விடுவேன். மலிவென்று சமையல் கேஸ் வகையை ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். கசிந்து தீப்பொறி பட்டால் என்னவாகும் என்று அவர்கள் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வதில்லை.

போன மாதம் ஒரு பையன் வந்தான். நொறுங்கிய சின்னக் கார்களிலிருந்து மின்சாரப் பவர் ஸ்டியரிங் தண்டை மோட்டாரோடு கழற்றி ஜீப்புக்கு வைக்கிறார்களாம். பம்ப் இல்லை, குழாய் இல்லை, புல்லி இல்லை, முன்பக்கத்து நாலு விரற்கடை அப்படியே மிஞ்சும் என்றான். சுமை எங்கே போகும் என்று கேட்டேன். ஒயருக்கு என்றான். நின்ற இடத்தில் திருப்பும்போது அந்த மோட்டார் பல பத்து ஆம்பியர் இழுக்கும்; வண்டியின் வேகம் என்ன என்கிற செய்தி கிடைக்காவிட்டால் எந்த வேகத்தில் எவ்வளவு உதவுவது என்று அதற்குத் தெரியாது. ஏசிக்கென்று பெரிதாக்கிய ஆல்டர்னேட்டர் அதையும் தாங்குமா என்று காகிதத்தில் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்தத் தண்டை எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.