கோவென்ட்ரியில் ஒரு கபடிக்காரன்

போன வாரம் ஆபீஸ்ல காலை ஸ்க்ரம் மீட்டிங். பத்து பேர் வட்டமா நின்னுக்கிட்டு நேத்து என்ன ஆணி புடுங்கினோம், இன்னைக்கு என்ன ஆணி புடுங்கப் போறோம்னு ஒப்பிச்சுக்கிட்டு இருந்தோம். புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன் "ஸ்க்ரம்னா என்னண்ணே அர்த்தம்?"னு கேட்டான். யாரும் பதில் சொல்லல. எனக்கு மட்டும் தோள்பட்டை லேசா வலிச்சது. கொசுவர்த்தியை ஏத்தி வெச்சாச்சு. மெதுவா சுத்தட்டும்.

நம்ம பொட்டி தட்டும் உலகத்துக்கு இந்த வார்த்தை ரக்பியில இருந்துதான் வந்தது. 1986-ல டகேயுச்சி, நோனாகான்னு ரெண்டு ஜப்பான் பேராசிரியர்கள் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் ஒரு கட்டுரை எழுதினாங்க. ரிலே ரேஸ் மாதிரி ஒருத்தர் முடிச்சு அடுத்தவர்கிட்ட கொடுக்காம, ரக்பி டீம் மாதிரி மொத்தப் பேரும் ஒண்ணா நகரணும்னு அதில் சொன்னாங்க. அதைப் பிடிச்சுக்கிட்டு சதர்லாண்டும் ஷ்வேபரும் 1995-ல ஸ்க்ரம் முறையை வெளியிட்டாங்க. ரக்பி ஆடறவங்க வெளிப்படையா சம்பளம் வாங்கலாம்னு அனுமதி கிடைச்சதும் அதே 1995-லதான். ஆனா நான் சொல்லப் போற ரக்பியில சம்பளம் கிடையாது. ஒவ்வொரு மேட்ச்சுக்கும் நாமதான் காசு கட்டணும். காசும் கொடுத்து உதையும் வாங்கணும்!

நான் திருநெல்வேலிப் பக்கம். பொங்கலுக்கு ஊர் ஊரா நடக்கிற கபடியில ஆடிக்கிட்டு இருந்தவன். அப்புறம் எஞ்சினியரிங், கேம்பஸ், சென்னை, பெஞ்ச்னு எல்லாரும் போற அதே பாதை. 2021 செப்டம்பர்ல ஆன்சைட்னு இங்கிலாந்துல கோவென்ட்ரிக்கு அனுப்பினாங்க. கொரோனா முழுசா ஓயாத காலம். பாதி நாள் வீட்டுல இருந்துதான் வேலை. ஒரு ரூம், ஒரு லேப்டாப், ஒரு குக்கர். வெள்ளிக்கிழமை சாயந்திரம் லேப்டாப்பை மூடினா, திங்கக்கிழமை காலை வரைக்கும் ஒரு மனுசன்கிட்ட வாயைத் திறந்து பேசியிருக்க மாட்டேன். மிஞ்சிப் போனா சூப்பர் மார்க்கெட் பில்லிங்ல ஒரு 'தேங்க்யூ'. அதையும் மெஷின் வெச்சுட்டானுங்க.

வீட்டுப் பக்கத்துல ஒரு மைதானம். செவ்வாய், வியாழன் ராத்திரியில லைட்டைப் போட்டு கொஞ்ச பேர் சேத்துல உருளுவாங்க. வேலியில ஒரு போர்டு: ஆள் தேவை, அனுபவம் தேவையில்லை. எத்தனையோ நேர்முகத் தேர்வுக்குப் போனவன் நான். 'அனுபவம் தேவையில்லை'ன்னு பார்த்ததும் காலு தானா உள்ள போயிடுச்சு.

அது அந்த கிளப்போட மூணாவது டீம். முதல் டீம்ல வாலிபப் பசங்க. மூணாவது டீம்ல தபால்காரர், பிளம்பர், பள்ளிக்கூட வாத்தியார், கார் கம்பெனியில வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், அவரோட மகன். அதில் தபால்காரருக்கு வயசு 51. பிராப். அதாவது ஸ்க்ரம்ல முன்வரிசையில நிக்கிறவர். மூக்கு ரெண்டு இடத்துல வளைஞ்சிருக்கும். தலையில ஒத்த முடி கிடையாது. முதல் நாள் என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "இதுக்கு முன்னாடி என்ன ஆடியிருக்கே?"ன்னு கேட்டார். கபடின்னேன். என்னன்னு புரியல. நடிச்சே காட்டினேன். தபால்காரர் ஓடி வர, குனிஞ்சு கணுக்காலைப் பிடிச்சு ஒரே இழு. 110 கிலோ தொப்புனு சேத்துல. ஒரு நிமிசம் யாரும் பேசல. தபால்காரர் மண்ணைத் துப்பிட்டு சிரிச்சார். அன்னைக்கே எனக்கு ஏழாம் நம்பர் சட்டை. ஃபிளாங்கர். எதிராளி பந்தோட எங்க போனாலும் தேடிப் போய் சாய்க்கிற வேலை. என் பேரைச் சொல்ல அவங்க வாய் வளையல. மூணாவது வாரத்துல இருந்து என் பேரு 'கபடி'.

ரக்பி தெரியாதவங்களுக்கு ஒரு குட்டி விளக்கம். பக்கத்துக்கு 15 பேர், 80 நிமிசம். பந்தைக் கையால முன்னாடி வீசக் கூடாது. பக்கவாட்டுலயோ பின்னாடியோதான் வீசணும். எதிராளியோட கோட்டைத் தாண்டி பந்தைத் தரையில அழுத்தினா ட்ரை, 5 பாயிண்ட். அதுக்கப்புறம் உதைச்சு கம்பத்துக்கு நடுவுல அனுப்பினா இன்னும் 2. முன்னாடி போகணும்னா பின்னாடி இருக்கிறவனை நம்பித்தான் ஆகணும்ங்கிறதுதான் மொத்த ஆட்டமும்.

கபடிக்கும் இதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கபடியில பிடிச்சா விடக் கூடாது. உயிரே போனாலும் பாடி வந்தவன் கோட்டைத் தொடாம அமுக்கிப் பிடிக்கணும். ரக்பியில ஆளைச் சாய்ச்ச உடனே கையை எடுத்துடணும். எடுக்கலைன்னா பெனால்டி. பத்து வருசமா 'விடாத, விடாத'ன்னு பழகின கைக்கு 'விடு'ன்னு சொல்லிக் கொடுக்க ஒரு சீசன் ஆச்சு.

அப்புறம் நிஜமான ஸ்க்ரம். எட்டுக்கு எட்டு பேர் தலையைக் கோத்து முட்டுவாங்க. ரெஃப்ரி மூணு கட்டளை கொடுப்பார்: க்ரௌச், பைண்ட், செட். மூணாவதுல ரெண்டு லாரி மோதின மாதிரி ஒரு சத்தம். அந்த நேரத்துல என் தோள் முட்டுக் கொடுக்கிற இடம் தபால்காரரோட பின்பக்கம். எங்க நட்பு வளர்ந்த இடமே அதுதான், ஹி ஹி. நேத்து என்ன பண்ணினேன், இன்னைக்கு என்ன பண்ணுவேன்னு அங்க யாரும் ஒப்பிக்க வேண்டியதில்ல. நீ தள்ளலைன்னா முன்னாடி நிக்கிறவனுக்கு முதுகுலயே தெரிஞ்சிடும்.

ஆட்டம் முடிஞ்சதும் ரெண்டு டீமும் வரிசையா நின்னு கைதட்டி ஒருத்தரை ஒருத்தர் அனுப்பி வைப்பாங்க. அப்புறம் கிளப் ஹவுஸ். வந்த டீமுக்குச் சாப்பாடு போடுறது நம்ம பொறுப்பு. பத்து நிமிசம் முன்னாடி என் விலாவுல முட்டியை இறக்கினவன் எதிர்ல உட்கார்ந்து "சாஸ் எடு மச்சி" ரேஞ்சுல பேசுவான். எழுபது வயசைத் தாண்டின ஒரு அம்மா வாராவாரம் அந்தச் சேத்துச் சட்டைகளை எடுத்துட்டுப் போய்த் துவைச்சுக் கொண்டு வருவாங்க. அவங்க வீட்டுக்காரர் அந்த டீமுக்கு ஆடினவராம். அவர் போய்ச் சேர்ந்து பல வருசம் ஆச்சு. சட்டை துவைக்கிறதை மட்டும் அவங்க நிறுத்தல.

இங்கிலாந்து ஸ்காட்லாந்து மேட்ச்சை அங்கதான் டிவியில பார்ப்போம். ஜெயிக்கிறவங்களுக்கு கல்கத்தா கோப்பை. பேரைக் கேட்டதும் காதைத் தீட்டினேன். கல்கத்தாவுல வெள்ளைக்காரங்க நடத்தின கிளப் ஒண்ணு மூடுற நிலைமைக்கு வந்தப்போ, பேங்க்ல இருந்த பணத்தை வெள்ளி ரூபாயா எடுத்து, உருக்கி, 1878-ல இந்தக் கோப்பையைச் செஞ்சு கொடுத்தாங்களாம். 1879-ல இருந்து அதுக்காக ஆடுறாங்க. கைப்பிடிக்கு மூணு நாகப்பாம்பு, மூடி மேல ஒரு யானை. "அப்ப அது எங்க ஊர்க் காசுய்யா, திருப்பிக் கொடுங்க"ன்னேன். பிளம்பர் ஒரு பாக்கெட் சிப்ஸை நீட்டி, "இப்போதைக்கு இதை வெச்சுக்கோ"ன்னார்.

மூணாவது மாசத்துலயே என் இடது காது தடிச்சுப் போச்சு. காது அடிக்கடி அடிபட்டா தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவுல ரத்தம் கட்டும். அதை எடுக்காம விட்டா இறுகி, காலிஃபிளவர் மாதிரி ஆயிடும். வீடியோ கால்ல அம்மா பார்த்துட்டு, "குளவி கொட்டிச்சாலே?"ன்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன். ஆனா தமிழ்க் கடை அண்ணையை ஏமாத்த முடியல. கண்டியில வளர்ந்தவர். பில்லைப் போட்டுக்கிட்டே, "தம்பி, உது ரக்பிக் காது எல்லோ?"ன்னார். அன்னைக்கு முருங்கைக்காய்க்குக் காசு வாங்கல.

2023 ஜூலையில விதி மாறிச்சு. இங்கிலாந்துல அமெச்சூர் ரக்பி முழுக்க டேக்கிள் இனிமே நெஞ்செலும்போட அடிப்பகுதிக்குக் கீழதான்னு சொல்லிட்டாங்க. அந்த ஜனவரியில முதல்ல இடுப்பு அளவுன்னுதான் அறிவிச்சாங்க. ஊரே கொந்தளிச்சதும் கொஞ்சம் ஏத்தினாங்க. காரணம் தலை. 2003-ல உலகக் கோப்பை ஜெயிச்ச இங்கிலாந்து டீம்ல ஹுக்கரா ஆடின ஸ்டீவ் தாம்ப்சன், அந்தக் கோப்பையை ஜெயிச்சதே தனக்கு ஞாபகம் இல்லைன்னு 2020-ல சொன்னார். நாற்பத்திரண்டு வயசுலயே மறதி நோய். அதைப் படிச்ச அன்னைக்கு கிளப் ஹவுஸ்ல கொஞ்ச நேரம் யாரும் ஜோக் அடிக்கல.

மத்தவங்க எல்லாம் புது விதியைத் திட்டித் தீர்த்தாங்க. நமக்குப் பிரச்னையே இல்ல. நாமதான் பொறந்ததுல இருந்தே தொடைக்குக் கீழ பிடிக்கிறவங்களாச்சே! ஆனா ஒண்ணு. மேல பிடிச்சா தலையும் தலையும் மோதும். கீழ பிடிச்சா தலையும் முட்டியும் மோதும்.

2023 நவம்பர்ல ஒரு சனிக்கிழமை. மழை. நாங்க 17-14 முன்னிலை. எங்ககிட்ட மாற்று ஆள் ஒருத்தர் கூட இல்ல, சரியா 15 பேர். அவங்க விங்கர் வேகமா வந்தான், நான் குனிஞ்சேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மீதி எல்லாம் மத்தவங்க சொன்னது. நானா எழுந்து நின்னேனாம். முதலுதவி செய்றவர் ஓடி வந்து, வழக்கமான கேள்விகளைக் கேட்டாராம். எந்த மைதானம்? இது எத்தனாவது பாதி? கடைசியா பாயிண்ட் எடுத்தது யார்? நான் எல்லாத்துக்கும் ரொம்பத் தெளிவா, ரொம்ப மரியாதையா பதில் சொன்னேனாம். எல்லாமே தமிழ்ல.

அதோட வெளியே உட்கார வெச்சுட்டாங்க. எங்களுக்கு 14 பேர்தான். கடைசி அஞ்சு நிமிசத்துல நான் நிக்க வேண்டிய பக்கமா வந்துதான் அவங்க ட்ரை போட்டாங்க. தோத்துட்டோம். கேப்டன் வந்து என் தலையில கையை வெச்சு, "மேட்ச் அடுத்த வாரமும் வரும்"னார். வேற ஒரு வார்த்தை கிடையாது.

தலையில அடிபட்டா முதல் 24 மணி நேரம் தனியா விடக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, 48 மணி நேரத்துக்கு மொபைல், கம்ப்யூட்டர் எல்லாம் முடிஞ்ச வரை குறைக்கணும், 21 நாளைக்குள்ள மேட்ச் கூடாது. அந்த வருசம்தான் அங்க அடிமட்ட விளையாட்டு எல்லாத்துக்கும் இந்த வழிமுறையை வெளியிட்டிருந்தாங்க. "வீட்டுல உன்கூட யாரு இருக்கா?"ன்னு தபால்காரர் கேட்டார். யாரும் இல்லைன்னேன். அவர் மேற்கொண்டு ஒண்ணும் கேட்கல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு, நேரா என் ரூமுக்கு வந்தார். என் போனை வாங்கி தன் பையில போட்டுக்கிட்டார். அந்த ஆறடி உடம்பை மடக்கி, சேரும் தலையணையும் போட்டு உட்கார்ந்துட்டார். ராத்திரி முழுக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பி என் பேரைக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் "கபடி"ன்னேன். "பாஸ்"னார்.

காலையில ஏழு மணி. ஊர்ல மதியம் பன்னிரண்டரை. ஞாயித்துக்கிழமைன்னா அம்மா வீடியோ கால் வரும். தபால்காரர் எடுத்துட்டார். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. அவருக்குத் தமிழ் வராது. மொட்டைத் தலை, வளைஞ்ச மூக்கு, பின்னால கட்டில்ல கட்டுப் போட்ட பிள்ளை... மகனை போலீஸ் பிடிச்சு வெச்சிருக்குன்னே அம்மா முடிவு பண்ணிட்டாங்க. அழுகை. அவர் என்ன பண்றதுன்னு தெரியாம கேமராவை என் மூஞ்சிகிட்ட கொண்டு வந்து, நான் மூச்சு விடுறதை அப்படியே காட்டிக்கிட்டே நின்னிருக்கார். நான் முழிச்சுப் பார்க்கிறப்போ ரெண்டு பேரும் எதுவும் பேசல. அம்மா அழுகையை நிறுத்தியிருந்தாங்க. "இந்த அண்ணன் சாப்பிட்டாராலே? கேளு"ன்னாங்க.

மூணு வாரம் ஓடிச்சு. விளக்கு வெளிச்சமே கண்ணைக் குத்திச்சு. நாலு வரி கோடு படிக்கிறதுக்குள்ள தலை சுத்திச்சு. அப்பதான் பயம் வந்தது. எனக்குச் சோறு போடுறது கை கால் இல்ல, இந்தத் தலைதான். ஊர்ல வீட்டுக் கடன், தங்கச்சி படிப்பு எல்லாம் இந்த ஒரு மண்டையை நம்பித்தான் இருக்கு. அம்மாகிட்ட குளவிக் கதையில இருந்து எல்லாத்தையும் சொன்னேன். நிறுத்துன்னு சொல்லுவாங்கன்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "அங்க உனக்கு வேற யாருலே இருக்கா? ஆடு. ஆனா இன்னொரு தடவை தலையில பட்டுச்சுன்னா அன்னையோட சரி"ன்னாங்க. அதுதான் ஒப்பந்தம். ஜனவரியில திரும்பப் போனேன். ஏப்ரல் 2024 வரைக்கும் ஆடினேன். தலையில படல. ப்ராஜெக்ட் முடிஞ்சது, ஊருக்கு வந்துட்டேன்.

இங்கயும் ரக்பி முளைக்குது. 2025 ஜூன்ல மும்பையில ஏழு பேர் ஆடுற ரக்பி பிரீமியர் லீக் முதல் தடவையா நடந்து, சென்னை புல்ஸ் கோப்பையை ஜெயிச்சாங்க. ஏழு பேர்... நம்ம கபடிக் கணக்கு! சந்தோசமா பார்த்தேன். ஆனா எனக்கு ரக்பின்னா அந்த மூணாவது டீம்தான். பார்க்க வேலிக்கு அந்தப் பக்கம் நாலு பேரும் ஒரு நாயும் நிக்கும். அது போதும்.

புதுப் பையனுக்கு இவ்வளவும் சொல்ல நேரம் இல்ல. "பின்னாடி இருந்து தள்ளுறவன் நிஜமாவே தள்ளுறான்னு நம்பி தலையைக் குடுக்கிறதுதான் ஸ்க்ரம்"னு மட்டும் சொன்னேன். ஙேன்னு பார்த்தான். மேனேஜர் அடுத்த டிக்கெட்டுக்குப் போயிட்டார்.

டிஸ்கி: குளிர்காலத்துல அங்க மேட்ச் ஆரம்பிக்கிற மதியம் ரெண்டரை மணின்னா நமக்கு ராத்திரி எட்டு. சனிக்கிழமை பத்து மணி வாக்குல தபால்காரர்கிட்ட இருந்து ஸ்கோர் வரும். பெரும்பாலும் தோல்விதான். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "அம்மா சாப்பிட்டாங்களா?" அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தமிழ்ல பேசி அனுப்ப அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன்.