படத்தில் தெரியாத வலி

"சாமி, கழுத்து வலிக்கிறது, இரவில் உறக்கமே இல்லை" என்று நம் பங்கைச் சேர்ந்த வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் நம்மிடம் முறையிட்டார். மூன்று மாதங்களுக்கு முன் அவரது கார் விபத்துக்குள்ளாகியிருந்தது. எக்ஸ்ரே படத்தில் குறையேதும் இல்லை. "எலும்பு நலமாய் இருக்கையில் வீண் கவலை எதற்கு? வேலைக்குச் செல்லும்" என்று அறிவுரை கூறி அனுப்பினோம். அவர் மறுமொழி கூறாது சென்றார்.

மறு ஆண்டு, இரயில்வே கேட்டில் நின்றிருந்த நம் காரைப் பின்னிருந்து லாரியொன்று மோதியது. ஒரு துளிக் குருதியும் சிந்தவில்லை. அன்று மாலைத் திருப்பலியும் நிறைவேற்றினோம். மறுநாள் விடிந்ததும் தலையைத் திருப்ப இயலவில்லை. மாதங்கள் கடந்தும் வலி நீங்கவில்லை. அதனினும் கொடியது அச்சம். பின்னால் ஹாரன் ஒலித்தால் உடல் நடுங்கிற்று. கண்ணயர்ந்தால் அந்த மோதல் ஓசையே கேட்டது. ஓரிரவு, பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்பிய மூதாட்டி ஒருவரின் வீட்டிலிருந்து கார் வந்தது. ஏற அஞ்சி, மூன்று கிலோமீட்டர் நடந்தே சென்றோம். நாம் சேர்ந்தபோது அவர் நினைவிழந்திருந்தார்.

அதன் பின்னரே மருத்துவரிடம் யாவற்றையும் கூறினோம். அவர் விளக்கினார்: பின்னிருந்து மோதுகையில் இருக்கை உடலை முன்தள்ளுகிறது, தலையோ ஒரு கணம் பின்தங்கிச் சாட்டைபோல் வீசப்படுகிறது. கழுத்தின் தசைகளும் நார்களும் சிறு மூட்டுகளும் ஊறுபடுகின்றன. எக்ஸ்ரே இவற்றைக் காட்டுவதில்லை. இவ்வாறு அடிபட்டோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஓராண்டு கழிந்தும் வலியுடன் இருப்பதை ஆய்வுகள் கண்டுள்ளன. மனக்காயமும் சேர்ந்துவிட்டால் குணமடைவது தாமதமாகும். அஞ்சிய மனம் தசையை இறுக்கும். இறுகிய தசை வலிக்கும். வலி விபத்தை நினைவூட்டும். ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்து 2019-இல் வெளியான ஆய்வொன்றில், கழுத்துப் பயிற்சியுடன் மன இறுக்கத்தைத் தணிக்கும் பயிற்சியும் பெற்றவர்கள், கழுத்துப் பயிற்சி மட்டுமே பெற்றவர்களைக் காட்டிலும் நன்கு தேறினர். நமக்கும் அவர் இரண்டையும் விதித்தார். முதலில் நிற்கும் காரில் அமர்ந்தோம். பின்னர்த் தெருமுனை வரை சென்றோம். இன்று அண்டைப் பங்கு வரை செல்கிறோம்.

அந்த ஓட்டுநரைத் தேடிச் சென்றோம். தொழிலை விட்டுவிட்டு மளிகைக் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டோம். "சாமிக்கும் வலிச்சுதா?" என்றார், வேறொன்றும் கூறவில்லை. இப்போது இருவரும் ஒரே மருத்துவரிடம் செல்கிறோம்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, விபத்திலிருந்து மீண்ட ஒருவர் உங்கள் இல்லத்தில் இருப்பாராயின், "படத்தில் ஒன்றுமில்லையே" என்று கூறி அவர் வாயை அடைத்துவிடாதீர்கள். கழுத்து வலியோடு உறக்கமின்மையையும் அச்சத்தையும் மருத்துவரிடம் சொல்லத் துணை நில்லுங்கள். நாம் அன்று செய்யத் தவறியது அதுவே.