பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன கதை வாங்குவது?

சென்ற ஆண்டு ஓண விடுமுறையில் எம் மகளின் மலையாளப் பாடநூலைத் தூசி தட்டி எடுத்து வைக்கையில், அதனுள்ளிருந்து ஓர் இன்லண்டுக் கடிதம் கீழே விழுந்தது. வள்ளியூரிலிருந்து அவளுடைய ஆச்சி அவள் பெயருக்கே எழுதியது. தபால்காரரிடம் அவளே வாங்கி ஒளித்து வைத்திருக்கிறாள். முத்திரையைப் பார்த்தோம், ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. ஒட்டிய ஓரம் பிரிக்கப்படவே இல்லை. காரணம் கேட்டோம். "பிரித்தால் படிக்க வேண்டும் அல்லவா, அப்பா?" என்றாள். அவளுக்கு வயது பத்து.

கரமனையிலும் சாலைத் தெருவிலும் கோட்டையிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு இது புதுமையான செய்தி அன்று. வீட்டில் பேசுவது தமிழ்; பள்ளியில் கற்பது மலையாளமும் ஆங்கிலமும். தமிழெழுத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் தாயோ பாட்டியோ சொல்லிக் கொடுத்தால் உண்டு. மலையாளத்தில் பகர வரிசைக்கு நான்கு எழுத்துகளைப் பழகிய பிள்ளை, தமிழில் அதற்கு ஒன்றே இருக்கக் கண்டு திகைக்கிறது. ஒரு கதையில் வந்த கோபு என்னும் சிறுவனை எம் மகள் 'கோப்பு' என்றே வாசித்தாள். நாள் முழுதும் கோப்புகளோடு காலந்தள்ளும் நாம் சிரித்துவிட்டோம். அவள் அன்று அந்நூலை மூடியவள் பிறகு திறக்கவில்லை. சிரித்தது நம் பிழை.

நாம் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ரயில்வேயில் பார்சல் அலுவலக எழுத்தர். நூல்களைப் பற்றித் தீர்ப்புக் கூறும் தகுதி நமக்கு இல்லை. எனினும், ஓராண்டுக் காலம் தவறான நூல்களை வாங்கிப் பணத்தை இழந்தவர் என்ற முறையில், அன்பர்களோடு சில சொற்கள் பேச விழைகிறோம்.

முதலில் வாங்கியது 'பொன்னியின் செல்வன்', ஐந்து பாகங்களும். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது தமிழகமே காத்திருந்து படித்த நூல் ஆயிற்றே என்பது நம் எண்ணம். ஐந்து பாகங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்று அவள் பொம்மைக்கு மேடையாயின. அடுத்து, பழைய 'அம்புலிமாமா' இதழ்களைத் தேடிப் பிடித்தோம். 1947-இல் தொடங்கிய அவ்விதழ் இப்போது அச்சில் இல்லை. நம் சிறு பருவத்தில் வேதாளம் முருங்கை மரத்தில் ஏறும் பக்கத்தைப் படிக்க அண்ணன் தம்பியர் அடித்துக் கொண்டோம். மகளோ படங்களைப் பார்த்தாள், பாராட்டினாள், வைத்துவிட்டாள்.

நம் ஆசைகளை நாம் மீண்டும் விலை கொடுத்து வாங்கிக் கொண்டிருந்தோம் என்பது அப்போது விளங்கவில்லை. அத்தோடு வேறொரு கெட்ட பழக்கமும் இருந்தது. அவள் ஒரு கதையைத் தட்டுத் தடுமாறி முடித்தவுடன், "இதனால் நாம் அறியும் நீதி யாது?" என்று கேட்போம். உண்ணும் பிள்ளையிடம் ஒவ்வொரு கவளத்திற்கும் இரசீது கேட்டது போன்ற செயல். எம் துணைவியார்தாம் ஒருநாள் சொன்னார்: "அவள் மலையாளக் கதை படிக்கும்போது நீங்கள் ஒன்றும் கேட்பதில்லை. அதனால்தான் அதைப் படிக்கிறாள்."

அச்சொல்லுக்குப் பின்னரே அவள் எவற்றை விரும்பிப் படிக்கிறாள் என்று கவனித்தோம். இந்நகரில் மலையாளப் பிள்ளைகளுக்குப் பேறு மிகுதி. 1981-இல் இங்கு அமைந்த கேரள மாநில பால சாகித்திய நிறுவனம் சிறுவர் நூல்களை வெளியிடுவதோடு, 'தளிரு' என்னும் இதழையும் நடத்துகிறது. எம் மகள் கையில் அப்போது இருந்தது 'டோட்டோச்சான்'. தெத்சுகோ குரோயானகி என்னும் ஜப்பானிய அம்மையார் 1981-இல் எழுதிய தம் பள்ளி நினைவுகள். புனைகதை அன்று, ஆயினும் கதையாகவே ஓடும். மேசைப் பலகையை ஓயாமல் திறந்து மூடியும், ஜன்னலில் நின்று தெருப் பாட்டுக்காரர்களை அழைத்தும் முதற் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சிறுமி, மற்றொரு பள்ளியில் சேர்கிறாள். அங்கே வகுப்பறைகள் பழைய ரயில் பெட்டிகள்!

"அப்பா, தண்டவாளம் இல்லாத இடத்திற்கு ரயில் பெட்டியை எப்படிக் கொண்டு செல்வார்கள்?" என்று கேட்டாள். பதினைந்து ஆண்டு ரயில்வே ஊழியம் நமக்கு விடை தரவில்லை. நூலில் இருக்கிறது என்றாள். மலையாளத்தில் நாம் கடைப் பலகைகளையும் பேருந்துப் பலகைகளையுமே தடையின்றிப் படிப்போம். நூல் படிக்க இயலாது. இதை அவளிடம் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. தந்தையும் ஒரு மொழியில் எழுத்துக் கூட்டுபவர் என்பதை அன்றுதான் அறிந்தாள். அவளுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட அந்நூலின் தமிழ்ப் பெயர்ப்பை வரவழைத்தோம். கதை அவளுக்கு முன்பே தெரியும். ஆகவே சொல் தடுக்கினாலும் பொருள் தடுக்கவில்லை. இரவில் தெருக்கள் அடங்கிய பின் டிராக்டர் இழுத்துவர, பிள்ளைகள் பள்ளியிலேயே தங்கி அப்பெட்டியை எதிர்கொள்ளும் பகுதியை நமக்கு வாசித்துக் காட்டினாள். ஒரு பக்கத்திற்கு அரை மணி ஆயிற்று. நீதி எதுவும் நாம் கேட்கவில்லை. மலையாளத்தில் படித்த நூலையே தமிழில் கொடுக்கும் இம்முறையைப் பிற வீட்டாரும் செய்து பார்க்கலாம்.

நிற்க. தமிழிலேயே எழுதப்பெற்றவை யாவை? ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுள்ள பிள்ளை தன் வயதுப் பிள்ளை ஒன்று இடரில் மாட்டி, தானே வழி காண்பதைப் படிக்க விரும்புகிறது. அரசரும் முனிவரும் வந்து தீர்த்து வைப்பதை அன்று. அழ. வள்ளியப்பாவைப் பாடல்களுக்காகவே அறிவோம். அவர் 'நீலா மாலா' என்னும் நாவலும் எழுதியுள்ளார். சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறுவர் இலக்கியத்திற்கென ஆண்டுதோறும் விருது வழங்கி வருகிறது. அப்பட்டியலைப் பார்த்து வாங்குவது நம் போன்றோர்க்கு எளிய வழி. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-இல் பெற்றது. பிள்ளைகளிடம் தகாத முறையில் நடப்போரைப் பற்றிப் பேசுவது. பெற்றோர் முதலில் தாம் படித்துவிட்டுக் கொடுத்தல் நலம். கொடாமல் ஒளித்து வைத்தல் நலம் அன்று.

2023-இல் விருது பெற்ற 'ஆதனின் பொம்மை'யை நாம் சற்றுப் பெருமையோடு குறிப்பிடுவோம். ஆசிரியர் உதயசங்கர் கோவில்பட்டிக்காரர். ரயில்வேயில் நிலைய அதிகாரியாக இருந்தவர். மலையாளத்திலிருந்து தமிழுக்குப் பல நூல்களைக் கொணர்ந்தவர். நம் துறையினர் ஒருவர் இரு மொழிக்கும் இடையே இத்தனை சரக்கு ஏற்றி இறக்கியிருக்கிறார் என்று பார்சல் அலுவலகத்தில் சொன்னோம். ஒருவரும் நம்பவில்லை. இக்காலச் சிறுவன் ஒருவனைக் கீழடியின் பண்டை வாழ்வுக்கு அழைத்துச் செல்லும் கதை. ஆதன் என்னும் பெயர் கீழடிப் பானை ஓட்டில் பொறிக்கப்பட்டிருக்கக் கண்ட பெயர்தான் என்று சொன்னபோது, எம் மகள் நம் கைப்பேசியைப் பறித்து அந்த ஓட்டின் படத்தைத் தேடினாள். எழுத்தை அவளால் படிக்க முடியவில்லை. "இது தமிழா? எனக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் தெரியவில்லையே!" என்று கைகொட்டினாள். தமிழி எழுத்து நமக்கு எங்ஙனம் தெரியும்?

அந்நூலில் இன்னும் பாதி இருக்கிறது. நாளைக்கு இரண்டு பக்கம், சில நாள் ஒன்றுமில்லை. 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்கிறாள். மதுரைக்கு வண்டி உண்டு, பாஸும் உண்டு. விடுப்புத்தான் கிடைக்க வேண்டும்.

ஆச்சியின் கடிதத்தைப் பொங்கலுக்குச் சில நாள் முன்பு அவளே பிரித்தாள். பிறந்த நாளுக்குப் பாவாடைத் துணி எடுத்து வைத்திருப்பதாகவும், அளவு எழுதியனுப்பும்படியும் அதில் இருந்தது. பிறந்த நாள் கடந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பின்னர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தாயிடம் சென்றாள். அளவை எழுதி, கீழே, "ஆச்சி, உங்கள் எழுத்து மிகவும் சிறியது. அடுத்த முறை பெரிதாக எழுதுங்கள்" என்றும் சேர்த்திருந்தாள். 'சிறியது' என்பதில் இடையின ரகரம் விழுந்திருந்தது. திருத்தாமலே தபாலில் சேர்த்தோம்.