கைம்மாறு

ஜவ்வாது மலையின் சிற்றூர்களில் இளையோர் பலர் கையில் இன்று செல்பேசி இருக்கிறது. எல்லா இடத்திலும் சிக்னல் கிடைப்பதில்லை. மேடான இடம் தேடிச் சென்று நிற்கிறார்கள். இளையோர் கூட்டம் முடிந்த ஒரு ஞாயிறன்று, கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி அவ்வாறு நின்று எதையோ விரைந்து அழுத்திக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். "கருத்துச் சொல்கிறேன், சார். சொன்னால் பாயிண்ட் தருவார்கள். சேர்ந்ததும் ரீசார்ஜ் செய்துகொள்ளலாம்" என்றாள். எந்த ஷாம்பு பிடிக்கும், எந்தக் குளிர்பானத்தின் விளம்பரம் நினைவில் நிற்கிறது என்பன போன்றவையே கேள்விகள்.

அவள் செய்ததில் தவறேதும் இல்லை. உழைப்புக்குக் கூலி பெறுவது நேர்மையே. பெரியவர்கள் முன் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளை, முகம் தெரியாத குழுவிலாவது பேசப் பழகுவது நன்மையே. ஆயினும் அந்தக் கூலி கருத்தை என்ன செய்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2005-இல் தொடங்கிய ரெடிட் தளத்தில், ஒருவர் எழுதியதற்குப் பிறர் இடும் வாக்குகள் மதிப்பெண்ணாகச் சேர்கின்றன. அந்த மதிப்பெண்ணுக்கு அவர்கள் இட்ட பெயர், வினைப்பயன் என நாம் அறிந்துள்ள 'கர்மா'. 2009-இல் முகநூலில் விருப்பக்குறி வந்தது. சிறு கேள்விகளுக்கு விடை தருவோருக்குச் சிறு தொகை வரவு வைக்கும் செயலியைக் கூகுள் நிறுவனம் 2013-இல் வெளியிட்டது. வழிகள் வெவ்வேறாயினும் பழக்கம் ஒன்றே: பேசியவுடன் பரிசு. நாளடைவில், பரிசு வரும் திசை நோக்கிப் பேச்சும் சாய்கிறது. நான் உண்மையில் என்ன நினைக்கிறேன் என்ற கேள்வி மறைந்து, எதைச் சொன்னால் எண்ணிக்கை ஏறும் என்ற கேள்வி அங்கே வந்து அமர்கிறது.

மலைப்பொழிவில் ஆண்டவர், பிறர் புகழ வேண்டுமென்று தம்பட்டம் அடித்து அறம் செய்வோரைக் குறித்துப் பேசுகிறார். அவர்களைக் கைம்மாறு இழந்தவர்கள் என்று அவர் சொல்லவில்லை. அதை ஏற்கெனவே பெற்றுவிட்டவர்கள் என்கிறார். கணக்குத் தீர்ந்துவிட்டது, இனி வரவேண்டியது ஒன்றுமில்லை. பரிசு பெற்ற கருத்தின் நிலையும் இதுவே. பாயிண்ட் கொடுத்தவுடன் கேட்டவருடைய கடன் தீர்கிறது. அவர் மறுமொழி சொல்ல வேண்டியதில்லை. சொன்னவளை மீண்டும் நினைக்கவும் வேண்டியதில்லை.

இம்மலைக்கு வேறு கேள்விகள் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லப்பட்டு 20 தமிழர் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஜவ்வாது மலையின் பிள்ளைகளும் இருந்தனர். சாமையும் புளியும் குடும்பத்தைத் தாங்காதபோது எங்கே வேலை தேடுவது? சாலை எட்டாத ஊரில் பேறுகால வலி கண்ட பெண்ணை எப்படி இறக்கிக் கொண்டுவருவது? இவை பற்றிய கருத்து இம்மலையின் மலையாளிப் பழங்குடி இளையோரிடம் நிறைய உண்டு. இதற்குப் பாயிண்ட் தர எந்த நிறுவனமும் வருவதில்லை.

கேட்பதற்கு வேறொரு முறை உண்டு. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தமது துறவற ஒழுங்குமுறையில், முக்கியமான காரியங்களில் மடத்தார் அனைவரையும் கூட்டிக் கேட்கும்படி தலைவரைப் பணித்தார். இளையவர் வழியாக இறைவன் பலமுறை நல்வழி காட்டுகிறார் என்பதே அவர் கூறிய காரணம். நம் காலத்தில், 2018 மார்ச் 19 முதல் 24 வரை, ஆயர் மாமன்றத்துக்கு முன்னோடியாக ஏறத்தாழ 300 இளையோர் உரோமையில் கூடினர். அவர்களோடு சுமார் 15,000 பேர் முகநூல் குழுக்கள் வழியே கலந்துகொண்டனர். அதே இணையம்தான், ஆனால் அவர்கள் தொகுத்த ஏடு அக்டோபரில் கூடிய ஆயர்களின் கைக்குச் சென்றது. 2019 மார்ச் 25 அன்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் கையொப்பமிட்ட 'கிறிஸ்து வாழ்கிறார்' என்னும் மடல் மறுமொழியாக வந்தது. கருத்துக்கு உரிய கைம்மாறு மறுமொழியே.

நம் ஊரிலும் அதற்கு இடமுண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. 18 வயது நிறைந்த வாக்காளர் எவரும் அங்கே எழுந்து பேசலாம். தீர்மானம் ஏட்டில் பதிவாகும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, காட்டு நிலத்தின்மேல் கோரும் உரிமை முதலில் கிராம சபையின் முன்தான் வைக்கப்பட வேண்டும். அங்கே கைதட்டல் கிடைக்காமல் போகலாம், எதிர்ப்பும் கிடைக்கலாம். ஆனால் அங்கே சொல்லப்படும் சொல்லுக்கு ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.

பங்குப் பேரவையினரும் அன்பியப் பொறுப்பாளரும் பெற்றோரும் இதைச் சற்றுச் சிந்திப்போமா? நம் பிள்ளைகள் செல்பேசியிடம் கருத்துச் சொல்லப் போவதைக் குறை கூறுமுன், நாம் அவர்களிடம் கடைசியாக எப்போது கருத்துக் கேட்டோம் என்று எண்ணிப் பார்ப்போம். திருவிழாவுக்கு நாற்காலி தூக்க அழைக்கிறோம். வரவு செலவு பேசும்போது அழைக்கிறோமா? அடுத்த அன்பியக் கூட்டத்தில் அவர்களிடம் ஒரு கேள்வியேனும் கேட்போம். அவர்கள் சொல்வதைக் குறித்து வைப்போம். அதற்கடுத்த கூட்டத்தில், அதைக் குறித்து நாம் என்ன செய்தோம் என்று அவர்களுக்கே சொல்வோம். செய்ய இயலவில்லை என்றால் அதையும் சொல்வோம்.