இடம் அவர்களுடையது, சங்கம் எங்களுடையது

சில ஆண்டுகளுக்கு முன் திருக்கழுக்குன்றத்தை அடுத்த வயலொன்றில் நம் தம்பியைக் கண்ணாடி விரியன் தீண்டியது. செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஏற்றப்பட்ட விஷமுறிவு மருந்து அவனை மீட்டது. அம்மருந்தின் மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்று அன்று நமக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அண்மையில் மாணவர்களுடன் மாமல்லபுரம் செல்லும் வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணையில் இறங்கினோம். ரோமுலஸ் விட்டேக்கர் முதலானோர் 1976இல் தொடங்கிய அறக்கட்டளை அது. அதன் வளாகத்திலேயே இயங்குகிறது இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதனைத் தொடர்ந்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் பாம்புத்தோல் வணிகத்தை முடக்கின. இருளர் பலர் பிழைப்பிழந்தனர். அவர்தம் கைத்திறனையே முதலாக வைத்து 1978இல் இச்சங்கம் பதிவாயிற்று. விட்டேக்கர் அதற்கும் துணைநின்றார்.

மணல் நிரப்பிய பள்ளத்தில் மண்பானைகள் வரிசையாக இருந்தன. வாய்களைத் துணியால் கட்டியிருந்தனர். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கே இனங்கள். சில வாரங்கள் வைத்திருந்து, பலமுறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுகின்றனர். மருந்து நிறுவனங்கள் அந்நஞ்சை வாங்கிக் குதிரைகளுக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அவற்றின் குருதியிலிருந்து மருந்து செய்கின்றன.

"பண்ணையின் ஒரு பிரிவு இச்சங்கம்" என்று நாம் குறிப்பேட்டில் எழுதினோம். உடன்வந்த மாணவர் அதை உரக்கப் படித்துவிட்டார். பானையருகே நின்ற இருளர் பெரியவர் நிமிர்ந்தார். "சார், எடம் அவங்களோடது. சங்கம் எங்களோடது" என்றார். குரலில் சினமில்லை, ஆனால் விட்டுக்கொடுப்பும் இல்லை.

உண்மையும் அதுவே. பண்ணைக்கு நிலமும் அறிவியலாரும் பார்வையாளரும் உண்டு. புற்றின் வாயில் தடம் பார்த்துப் பாம்பின் இனம் சொல்லும் கண் சங்கத்தாருக்கு உண்டு. பாம்பு பிடிக்க வனத்துறை அனுமதி தாமதமானால் பானைகள் வெறுமையாகும்; அவ்விழப்பைப் பண்ணையால் ஈடுசெய்ய இயலாது. உதவியவர், உதவி பெற்றவர் என்று எளிதாகப் பிரித்துப் படிக்கும் நம் பழக்கம் அங்கே பொருந்தவில்லை. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது அது அவர்தம் தொழிலுக்கு வந்த பெருமையாயிற்று.

குறிப்பேட்டில் அவ்வரியை அடித்தோம். வீடு திரும்பித் தம்பியிடம் அனைத்தையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "அந்தப் பாம்புகளைத் திரும்ப எந்த ஊரில் விடுகிறார்களாம்?"