ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே

“என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி.” அந்த அக்கா இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கள் தெருக்காரர். ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் ஒன்பது ஆண்டு வேலை பார்த்தவர். ஓர் இரவு, கடை அடைக்கும் நேரத்தில், இருப்புக் கணக்கில் ஒரு பட்டுச்சேலை குறைகிறது என்று பேச்சு வந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். காகிதம் எதுவும் கொடுக்கவில்லை. எடுத்தாய் என்று நேராகச் சொல்லவும் இல்லை, எடுக்கவில்லை என்று அவர் சொல்வதைக் கேட்கவும் இல்லை. வேலை போனதைவிட இதுதான் அவரைத் தூங்கவிடாமல் அரித்தது.

கோபத்தோடுதான் நான் சட்டப் புத்தகத்தைத் திறந்தேன். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஒருவரை வேலையைவிட்டு அனுப்பும் முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்ற கடமை எங்கிருந்து வந்தது? அப்படி ஒரு கடமை ஜவுளிக்கடைக்கும் உண்டா?

உண்டு. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 41. ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், அல்லது அந்த மாதச் சம்பளத்தைக் கையில் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் இல்லாமல் அனுப்ப ஒரே வழிதான். ஒழுங்கீனம் என்ற குற்றச்சாட்டு இருக்க வேண்டும். அதற்கென்றே விசாரணை நடத்தி, போதுமான சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். அதன் பிறகும் பணியாளர் மேல்முறையீட்டுக்குப் போகலாம். திருட்டுப் பட்டம் கட்டி ராத்திரியோடு ராத்திரியாக அனுப்புவதற்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. எழுபத்தைந்து ஆண்டுக்கும் மேலாக நம் மாநிலச் சட்டப் புத்தகத்தில் இருக்கும் இந்தப் பிரிவைப் பற்றி அந்தக் கடையில் ஒருவர்கூடக் கேள்விப்பட்டதில்லை என்று அக்கா சொன்னார்.

லேபர் ஆபீஸில் மனு கொடுத்தோம். வேலை ஆணை என்று ஒன்று அவருக்கு எப்போதுமே தரப்படவில்லை. இ.எஸ்.ஐ. அட்டையும் பி.எஃப். கணக்கும்தான் ஒன்பது ஆண்டுக்குச் சாட்சி சொன்னன. நோட்டீஸ் சம்பளமும் பணிக்கொடையும் கடைசியில் கைக்கு வந்தன. பணிக்கொடை என்பது யாரும் மனமிரங்கிக் கொடுப்பது அல்ல. ஐந்து ஆண்டு முடித்தவருக்கு, ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டமே கொடுத்த உரிமை. ஆனால் சேலை என்ன ஆனது என்று கடைசிவரை அவரிடம் யாரும் கேட்கவில்லை.

நான் தேடலை நிறுத்தவில்லை. 1947-க்கு முன்னால் போனால் வேறொரு உலகம் தெரிந்தது. 1859-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்காக வந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்கலாம். பணத்தைத் திருப்பிக் கொடு அல்லது வேலையை முடி என்று உத்தரவு வரும். மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். முதலாளி காரணமில்லாமல் துரத்தினால் அதற்கு இணையான தண்டனை எதுவும் கிடையாது. தொழிலாளி விலகினால் குற்றம், முதலாளி விலக்கினால் அவர் விருப்பம்! இந்தச் சட்டத்தை நீக்க 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்குள் பெரம்பூரில் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்துவிட்டது. செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சுலு நாயுடுவும் முன்னின்றார்கள், பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. தோள் கொடுத்தார். அங்கிருந்த பின்னி ஆலை நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் வாடியாவின் மேல் வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கியது. ஒப்பந்தத்தை மீறத் தொழிலாளரைத் தூண்டினார் என்பது வாதம். சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் அதன் பிறகு வலுத்து, 1926-இல் தொழிற்சங்கச் சட்டமாக வந்தது. இந்த வரலாற்றைச் சங்கம் அமைக்கும் உரிமைக்கான போராட்டமாகத்தான் நாம் படித்திருக்கிறோம். கூடிப் பேசினால் வேலை போகும் என்ற பயம் நீங்காதவரை சங்கம் என்பதே சாத்தியமில்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது.

ஆலைகளில் ஒழுங்கு நடவடிக்கைக்கு எழுத்துவடிவ முறை 1946-இல் நிலையாணைச் சட்டத்தோடு வந்தது. சார்ஜ் மெமோ, விளக்கம், உள்விசாரணை என்று இன்று தொழிலாளர்கள் சாதாரணமாகச் சொல்லும் படிகள் எல்லாம் அந்த ஏற்பாட்டில் நிலைபெற்றவை. நீக்கியவரைத் திரும்ப வேலையில் வைக்கும்படி தொழில் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்று ஃபெடரல் நீதிமன்றம் 1949-இல் சொன்னது. அதற்கு முன் நஷ்ட ஈட்டோடு கதை முடிந்துவிடும். வேண்டாத ஆளை எஜமானர் தலையில் கட்டக் கூடாது என்பதுதான் ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் எண்ணம்.

சரி, கேட்டுவிட்டுத்தான் தண்டிக்க வேண்டும் என்ற பழைய கருத்தின் புகழ்பெற்ற வழக்கு? அது தொழிற்சாலையில் எழவில்லை, கேம்பிரிட்ஜில் எழுந்தது. ரிச்சர்ட் பென்ட்லி பெரிய அறிஞர், டிரினிட்டி கல்லூரியின் தலைவர், சண்டைக்காரரும்கூட. முனைவர் பட்டம் பெற்றவர்களிடம் நான்கு கினி கட்டணம் கேட்டார். கொடுத்த ஒருவர் திருப்பிக் கேட்டுப் பல்கலைக்கழக நீதிமன்றத்துக்குப் போனார். அந்த நீதிமன்றத்தைப் பென்ட்லி அவமதித்தார் என்று சொல்லி, அவரை அழைத்து விசாரிக்காமலே 1718-இல் அவருடைய பட்டங்களைப் பறித்துவிட்டார்கள். வழக்கு லண்டன் போனது. 1723-இல் நீதிபதிகள் பட்டங்களைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அவர்களில் ஒருவரான ஃபோர்டெஸ்கியூ சொன்ன காரணம் இன்றுவரை வழக்குமன்றங்களில் எடுத்துச் சொல்லப்படுகிறது. கடவுள்கூட ஆதாமைக் கூப்பிட்டு, கனியைத் தின்றாயா என்று கேட்ட பிறகே தண்டித்தார் என்பது அவர் வாதம். எல்லாம் அறிந்தவரே கேட்டாரென்றால், இருப்புக் கணக்கை மட்டும் அறிந்தவர் கேட்காமல் இருக்கலாமா?

இதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சி எனக்கு நீடிக்கவில்லை. இந்தப் பெரிய கொள்கை இங்கிலாந்தில் பட்டதாரிகளையும் பதவிக்காரர்களையும்தான் காத்தது. பிரைட்டன் நகரக் காவல்துறைத் தலைவர் சார்லஸ் ரிட்ஜை 1958-இல் விசாரிக்காமல் நீக்கினார்கள். அது செல்லாது என்று, அங்கே அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1963-இல் தீர்ப்பளித்தது. கேட்ட பிறகே தண்டிக்க வேண்டும் என்ற இந்த இயற்கை நீதிக் கொள்கையின் வரலாற்றில் இது மைல்கல் என்பார்கள். அதே தீர்ப்பில் ரீட் பிரபு ஒரு கோட்டையும் கிழித்தார். பதவியில் இருப்பவரைக் காரணம் காட்டித்தான் நீக்க முடியும் என்றால் அவரைக் கேட்டாக வேண்டும். வெறும் எஜமானர், வேலையாள் உறவு என்றால் பொதுச் சட்டப்படி கேட்க வேண்டிய கடமை இல்லை. அநியாயப் பணிநீக்கத்துக்கு எதிரான சட்டம் அங்கே 1971-இல்தான் வந்தது. அமெரிக்காவிலோ, மான்டனா ஒன்றைத் தவிர எந்த மாநிலத்திலும், காரணம் சொல்லாமல் அனுப்பலாம் என்பதே இன்றும் பொது விதி.

இந்த ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது எனக்குப் பெருமிதமாக இருந்தது, மறைக்க விரும்பவில்லை. இங்கிலாந்தில் ஒரு காவல்துறைத் தலைவர் உச்சபட்ச நீதிமன்றம்வரை ஏறிப் பெற்ற உரிமையைப் பதினாறு ஆண்டுக்கு முன்பே சென்னை மாகாணம் மளிகைக்கடையில் பொட்டலம் கட்டுபவருக்கும் எழுதி வைத்திருந்தது. பதவி உயர்ந்தவருக்கு மட்டும் மானம் இருப்பதாக அந்தச் சட்டம் எண்ணவில்லை.

அந்தப் பார்வை பிறகு உச்ச நீதிமன்றத்திலும் உறுதியானது. 1993-இன் டி.கே. யாதவ் வழக்கை நான் வரிவரியாகப் படித்தேன். எட்டு நாளுக்கு மேல் சொல்லாமல் வராவிட்டால் வேலை தானாகப் போய்விடும் என்று ஒரு தொழிற்சாலையின் நிலையாணை சொன்னது. அதைக் காட்டி யாதவை நீக்கினார்கள். நான் வந்தேன், வாசலில் தடுத்துவிட்டார்கள் என்றார் அவர். எது உண்மை என்று விசாரித்தால்தானே தெரியும்? நிலையாணையில் விசாரணை என்ற சொல் இல்லாவிட்டாலும் அது உள்ளே இருப்பதாகத்தான் கொள்ள வேண்டும், வேலை என்பது வாழ்வுரிமையோடு சேர்ந்தது என்றது நீதிமன்றம். பாதிச் சம்பள பாக்கியோடு வேலை திரும்பக் கிடைத்தது. நீக்கப்பட்டது 1980 டிசம்பரில். நீதி வந்துசேரப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த உரிமை வளர்ந்துகொண்டே போகிறது என்று நான் நம்பவில்லை. நிலையாணைகள் குறைந்தது 100 பேர் வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தின. 2020-இன் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு அதை 300 ஆக உயர்த்தியது. இன்னொரு பக்கம், செயலி வழியே வீட்டுக்கு உணவும் பொருளும் கொண்டுவரும் இளைஞர்களிடம் பேசிப் பாருங்கள். அவர்களை யாரும் போகச் சொல்வதில்லை. காலையில் செயலியைத் திறந்தால் ஐ.டி. பிளாக் ஆகியிருக்கும். வாடிக்கையாளர் என்ன புகார் கொடுத்தார், யார் முடிவெடுத்தார் என்று கேட்க எதிரில் ஆளே இல்லை. தொழிலாளி அல்ல, பங்குதாரர் என்று பெயர் வைத்துவிட்டதால் பிரிவு 41 அவர்களுக்கு எட்டுவதும் கடினம். கர்நாடகம் 2025-இல் இவர்களுக்காக இயற்றிய சட்டத்தில், நீக்குவதற்குக் காரணத்தை எழுத்தில் தந்து 14 நாள் முன்னறிவிப்பும் கொடுக்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறது. தமிழ்நாட்டில் அவர்களுக்கு நல வாரியம் அமைத்திருக்கிறார்கள், நல்லது. கடைப் பணியாளருக்காக 1947-இல் எழுதிய அந்தப் பிரிவு அவர்களுக்கும் வேண்டும். நியாயமான காரணம், ஒரு மாத நோட்டீஸ், குற்றம் சொன்னால் விசாரணை, அதன்மேல் முறையிட மனிதர் அமர்ந்திருக்கும் ஓர் அலுவலகம்.